நாம் வரையும் மலையூர்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியும் சமுதாய முன்னேற்றமும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். எனக்கு முன் பேசிய அறிஞர்கள் அப்பொருளை நன்கு விளக்கிவிட்டார்கள். அவர்கள் கூறியதையே நானும் கூறி உங்கள் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை. ஆகவே தலைவர் அவர்களின் இசைவு பெற்று, ஒரு படத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மலையில் உள்ள ஒரு சிற்றூரின் படம். வரலாறு படித்த தலைமையாசிரியனுக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் வரைபடத்தாள்களைத் திருத்தியவன் என்ற ஒரே தகுதிதான் எனக்கு உண்டு.

அந்தப் படத்தை உங்களில் வரையாதவர் இருக்க முடியாது. முதலில் இரண்டு முக்கோணங்கள், அல்லது மூன்று. அவை மலைகள். அவற்றின் நடுவே அரை வட்டமாகச் சூரியன்; குச்சி குச்சியாகக் கதிர்கள். மலையிடுக்கிலிருந்து வளைந்து வளைந்து வரும் ஓர் ஆறு. ஆற்றங்கரையில் கூரை வேய்ந்த ஒற்றை வீடு. அதன் பக்கத்தில், மலைநாட்டுக்குச் சற்றும் பொருந்தாத தென்னை மரம். வானத்தில் படுக்கவைத்த மூன்றாம் எண்ணைப்போலச் சில பறவைகள். ஆளரவம் இல்லை. பிள்ளைகள் இதனைச் 'சீனரி' என்பார்கள். "சார், சீனரி வரையட்டுமா?" என்று கேட்டால், எந்தப் படம் வரப்போகிறது என்பது தாளைக் கொடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

நம் பகுதி எத்தகையது? திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலும், அப்பால் வாலாஜாபாத் வரையிலும் சமவெளி. ஏரிகளால் பெயர் பெற்றது பழைய செங்கற்பட்டு மாவட்டம். ஏரிக்கரைதான் நாம் கண்ட உயரம். ஆங்காங்கே இருந்த பாறைக் குன்றுகளையும் கல் குவாரிகள் தின்று வருகின்றன. குறிஞ்சிக் கடவுளாகிய முருகனே வல்லக்கோட்டையில் மலையில்லாமல் தரையில்தான் கோயில் கொண்டிருக்கிறான். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் முதல் கார் உருண்டு வெளிவந்தது. அதன்பின் ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகள் வந்தன. நம் பிள்ளைகள் கண் விழித்தால் காண்பது அந்த ஆலைகளின் நீண்ட சுற்றுச்சுவர்களை. ஆயினும் அவர்கள் கை வரைவது, ஒருவரும் கண்டிராத அந்த மலையூரை.

இதில் என் பங்கை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், அப்போது நான் பட்டதாரி ஆசிரியராக இருந்த பள்ளியில், 'எங்கள் ஊர்' என்னும் தலைப்பில் ஓவியப் போட்டி நடத்தினோம். நடுவர் நானே. வந்த படங்களில் ஏறக்குறைய எல்லாமே இரு மலையும் ஒரு சூரியனும்தான். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் வேறொன்றை வரைந்திருந்தான். வரிசையாக அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள். தண்ணீர் லாரியின் பின்னால் நிற்கும் நெகிழிக் குடங்கள்; குடங்களைத் தனித்தனி வண்ணத்தில் தீட்டியிருந்தான். ஒரு மூலையில் இரும்புக் கூண்டுக்குள் அண்ணல் அம்பேத்கரின் சிலை. அண்ணலின் உயர்த்திய விரல் கூண்டுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். 'நேர்த்தி போதாது' என்று சிவப்பு மையால் எழுதி ஒதுக்கி வைத்தேன். முதற் பரிசு ஒரு மலைக்குச் சென்றது. கோடுகள் அவ்வளவு ஒழுங்காக இருந்தன.

மறு ஆண்டு அம்மாணவன் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. இன்று அவன் ஒரகடத்தில் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பேருந்து நிறுத்தத்தில் கண்டால் வணக்கம் சொல்கிறான். அந்தத் தாள் அவன் நினைவில் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அந்தக் காலனியில்தானே நானும் பிறந்தேன்? என் தந்தையார் பண்ணையில் உழைத்தவர். என் சிலேட்டிலும் நான் அந்த இரண்டு முக்கோணங்களைத்தானே எழுதினேன்? அழகு என்பது நாம் இல்லாத இடத்தில் இருப்பது என்று எனக்குக் கற்பித்தவர் யார்? இவ்வினாவை எனக்குள் எழுப்பியது நூலும் அன்று, சொற்பொழிவும் அன்று. வேறொரு மலையூர்ப் படம். அதைச் சொல்லுமுன் சிறிது பின்னோக்கிச் செல்ல இசைவு வேண்டுகிறேன்.

மலையூரைப் பட்டியலிட்டு வரைவது தமிழனுக்குப் புதிதன்று. குறிஞ்சித் திணை என்பதே சொல்லால் தீட்டிய அத்தகைய ஓவியம்தான். மலையும் மலை சார்ந்த இடமும் என்று நிலம் வகுத்து, அதற்குரிய தெய்வம் சேயோன், உணவு தினை, மரம் வேங்கை, பறவை மயில், தொழில் தேன் எடுத்தல், ஊர் சிறுகுடி என்று இலக்கணத்தார் வரிசைப்படுத்தினர். கவிஞன் மலையைக் கண்டிருக்க வேண்டும் என்பதில்லை. பட்டியலை அறிந்திருந்தால் போதும். இவ்வளவில் அது நம் பிள்ளைகளின் 'சீனரி'க்கு அக்கா முறை எனலாம். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குறிஞ்சிப் பாட்டில் ஆள் இல்லாத மலை இல்லை. தினைப்புனத்தில் ஒருத்தி காவல் இருப்பாள். குறவன் கிழங்கு அகழ்வான்.

இங்கே ஒரு சிறு விலகல். மன்னிக்க வேண்டும், இந்த மேடையில் சொல்லாவிட்டால் வேறெங்கே சொல்வேன்? கருப்பொருள்களை எண்ணும் தொல்காப்பியர் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, யாழ் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தே எண்ணினார். ஐந்திணைக்கும் பறை உண்டு. குறிஞ்சிக்கு உரியது தொண்டகப் பறை. முல்லை நிலத்து ஊர்ப்பெயராகப் பாடி என்பதோடு சேரி என்பதையும் பள்ளிப் பாடநூலே தருகிறது. மக்கள் சேர்ந்து வாழும் இடம் சேரி. பின்னாளில் எந்தெந்தச் சொற்களைச் சொல்லக் கூசும்படி நம்மை ஆக்கினார்களோ, அவை இலக்கணத்தில் மரத்தோடும் மயிலோடும் ஒரே வரிசையில் இருந்த சொற்கள்தாம். இதை நம் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும். நிற்க.

ஆளில்லா மலைக்கு வருவோம். 1792இல் ஆங்கிலேயருக்கும் திப்பு சுல்தானுக்கும் நடந்த போர் முடிந்த கையோடு, தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் இரு ஆங்கில ஓவியர்கள் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தென்னாடு முழுவதும் சுற்றினர். இராயக்கோட்டை முதலான மலைக்கோட்டைகளை வரைந்தனர். 1795 முதல் 1808 வரை அவர்கள் இலண்டனில் வெளியிட்ட 144 படங்களின் தொகுதிக்குப் பெயர் 'ஓரியண்டல் சீனரி'. நம் பிள்ளைகளின் வாயில் வழங்கும் சொல் அந்தத் தலைப்பில் இருப்பது தற்செயலாகவே இருக்கலாம். மலையும் கோட்டையும் மிக அழகாக இருக்கும் அப்படங்களில் மனிதர்கள் அளவுகோலாக மட்டுமே நிற்பார்கள். மலை எவ்வளவு பெரிது என்று காட்ட ஒரு சிறு ஆள்.

திருவனந்தபுரத்தில் 1935இல் திறக்கப்பட்ட சித்ராலயம் என்னும் ஓவியக் காட்சிக்கூடத்தில் நிக்கோலஸ் ரோரிக் என்னும் உருசிய ஓவியரின் இமயமலைப் படங்கள் உள்ளன. அவர் 1928இல் குலு பள்ளத்தாக்கின் நகர் என்னும் சிற்றூரில் குடியேறி, 1947இல் மறையும்வரை இமயத்தையே தீட்டியவர். நீலமும் ஊதாவுமாகத் தட்டையான வண்ணங்களில் மலை அடுக்கடுக்காக எழும். இடுக்கில் சிறு மடாலயமோ சில வீடுகளோ ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் மனம் அமைதியுறும். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் இன்று அடுப்பு எரிந்ததா என்ற கேள்வி அங்கே எழாது. நின்று பார்ப்பவருக்காக வரைந்த மலை அது.

இப்போது என் படத்திற்கு வருகிறேன். மாணவரை உதகைக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது, கோத்தகிரியில் ஒரு கடையில் வாங்கினேன். இரண்டு முழ நீளம் இராது. ஆலுக் குறும்பர் என்னும் பழங்குடியினரின் ஓவியம். கடைக்காரர் விலை சொன்னபோது சற்றுத் தயங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்று அது என் அறையில், பள்ளி நேர அட்டவணைக்கு மேலே தொங்குகிறது.

தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு இனத்தாரை மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் என்று அரசு வகைப்படுத்தியுள்ளது. இவர்களுள் இருளரை நாம் நன்கு அறிவோம். நம் ஏரிக்கரைகளிலேயே வாழ்கிறார்கள். குறும்பர் நீலகிரியின் சரிவுக் காடுகளில் வாழ்பவர்கள். அவர்களுள் ஆலுக் குறும்பர் கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களில் உள்ளனர். கோத்தகிரிப் பக்கத்தில் வெள்ளரிக்கொம்பை என்னும் ஊருக்கு அருகே எழுத்துப்பாறை என்னும் பாறையில் மிகப் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றைத் தம் முன்னோர் வரைந்தவை என்று அம்மக்கள் கருதுகின்றனர். அவர்களிடையே கோயிற் பணி செய்யும் ஆண்கள் திருநாட்களில் சுவரில் ஓவியம் தீட்டுவது வழக்கம். பெண்கள் வாயிலையும் சன்னலையும் சுற்றிக் கரை எழுதுவர். செம்மண், வெண்மண், அடுப்புக்கரி, இலைச்சாறு ஆகிய நான்குமே வண்ணம். தீயில் கருக்கிய குச்சியே தூரிகை. அண்மைக் காலத்தில்தான் இது சுவரிலிருந்து தாளுக்கும் துணிக்கும் வந்தது. அருகிப்போன அக்கலையை மீட்பதில் சென்னையிலுள்ள சி.பி. இராமசாமி ஐயர் அறக்கட்டளை பங்காற்றியது.

வெள்ளரிக்கொம்பையைச் சேர்ந்த கிருஷ்ணன் என்பவர், கிட்னா என்று அழைக்கப்பட்டவர், இறுதிவரை காட்டிலிருந்தே வண்ணம் எடுத்தார். வேங்கை மரத்துப் பிசினைக் காய்ச்சிப் பழுப்பும் மஞ்சளும் கொண்டார். காட்டவரை இலையைத் தேய்த்துப் பச்சை. கரிமரப் பட்டையிலிருந்து கருமை. வேங்கை என்றவுடன் தமிழாசிரியர்கள் புன்னகை புரிவதைக் காண்கிறேன். குறிஞ்சிக்குரிய மரம் என்று நாம் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் அதே வேங்கைதான். நமக்கு அது ஒரு சொல். அவருக்குக் கையில் ஒட்டும் பிசின்.

என் அறையில் உள்ள படத்தில் அடிவானம் என்று ஒன்று இல்லை. அருகே பெரிது, தொலைவில் சிறிது என்ற கணக்கும் இல்லை. மலை ஒரு சாய்ந்த கோடு மட்டுமே. கோட்டின் மேல் வரிசையாகக் கூரைவீடுகள். நான் எண்ணினேன்; ஏழு. வீடுகளின் முன்னே முற்றத்தில் ஆணும் பெண்ணும் கைகோத்து வட்டமாக ஆடுகின்றனர். உடல் ஒரு கோடு, கையும் காலும் கோடுகள். ஆயினும் ஒருவர் நிற்பதுபோல் மற்றவர் நிற்கவில்லை. ஒருவர் குழல் ஊதுகிறார். ஒருவர் மத்தளம் கொட்டுகிறார். ஒரு பெண் தலையில் சுமையோடு சரிவில் ஏறி வருகிறாள். படத்தின் வலப்புறத்தில் செங்குத்தான பாறை. அதன் விளிம்புக்குக் கீழே பிறைபிறையாகத் தேனடைகள். மேலிருந்து தொங்கும் கொடி ஏணியில் ஒருவன் இறங்குகிறான். கையில் புகையும் பந்தம். மேலே, ஏணி கட்டிய மரத்தடியில் ஒருவன் அமர்ந்து அதைக் காத்திருக்கிறான்.

அந்தக் காவலனைத்தான் நான் நெடுநேரம் பார்ப்பேன். வெளியிலிருந்து வந்து வரையும் ஓவியன் தேனெடுப்பவனை வரைவான், வீரச்செயல் அல்லவா? மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பவனை வரைய அவனுக்குத் தோன்றாது. கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று அறிந்த ஊரில் பிறந்தவனுக்கே அவனும் படத்தில் இருந்தாக வேண்டும் என்பது தெரியும். மலைத்தேனீயின் கொட்டு எத்தகையது என்பதையும், எவன் கையில் ஏணியை ஒப்படைப்பது என்பதையும் அறிந்த கை வரைந்த படம் அது. ஏழு வீடு என்றால் ஏழு குடும்பம். ஒன்றைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்றே நான் நம்புகிறேன்.

இம்மக்களின் வரலாறு இன்பமயமானதன்று. அண்டை ஊரார் விதைப்புச் சடங்கைத் தொடங்கக் குறும்பரை அழைத்தனர்; பயிரையும் ஊரையும் காக்க அவர்தம் மந்திரத்தை நாடினர். அதே மந்திரத்துக்கு அஞ்சினர். நோய் வந்தாலும் மாடு செத்தாலும் குறும்பன் வைத்த சூனியம் என்றனர். 19ஆம் நூற்றாண்டில் அந்த ஐயத்தின் பேரில் குறும்பர் குடும்பங்கள் தாக்கப்பட்டு உயிரிழந்த நிகழ்ச்சிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை ஆங்கிலேயர் குறிப்புகளில் பதிவாகியுள்ளன. திருவிழாவுக்கு வேண்டும், ஆனால் தெருவுக்குள் வேண்டாம் என்ற நிலை நமக்குப் புரியாததா? சாவுக்கும் சாமிக்கும் அழைக்கப்பட்ட பறையோடு நம் பாட்டன்மார் எங்கே நிறுத்தப்பட்டனர் என்பது இந்த அவைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆயினும் அந்தப் படத்தையும் நான் கண்ணை மூடிக்கொண்டு போற்றவில்லை. அதில் ஒரு குறை இருப்பதை எனக்குக் காட்டியவள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தவள், படத்தைச் சற்றுநேரம் பார்த்தாள். "சார், ஊட்டிக்குப் போனப்ப ரோடு பூரா டீ எஸ்டேட்தானே இருந்துச்சு? இதுல ஒரு டீச் செடிகூட இல்லியே?" என்றாள்.

நான் வியந்தேன். உண்மைதான். நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டிலேயே தேயிலைத் தோட்டங்கள் பரவின. காடு குறைந்தபின் குறும்பர் பலர் அத்தோட்டங்களில் கூலிக்குச் சென்றனர், இன்றும் செல்கின்றனர். காட்டின் மீதான அவர்களின் உரிமையைச் சட்டம் ஏற்றுக்கொண்டது 2006இல்தான். ஆனால் என் படத்தில் எஸ்டேட் இல்லை, கங்காணி இல்லை, வனக்காவலர் இல்லை. பாட்டனார் காலத்து ஊரைப் பேரன் நினைவிலிருந்து தீட்டுகிறான். வாங்குவோரும் அதைத்தானே விரும்புவர்? நானும் அப்படித்தானே வாங்கினேன்? தம் ஊரைத் தாமே வரைபவருக்கும் விற்பனைக்கு ஏற்ற மலையூர் ஒன்று உருவாகிவிடும்போலும்.

அவளைக் கேட்டேன்: "சரி, நம் ஊரை வரைந்தால் நீ எதையெல்லாம் வைப்பாய்?" அவள் சிரித்தாள். "எங்க காலனியிலயா? அங்க வரையறதுக்கு என்ன சார் இருக்கு?"

சபையோரே! ஊரைச் சித்திரமாகக் கண்டு மயங்கியவர்கள் நாட்டில் பலர். இந்தியாவின் உயிர் ஊரில் இருக்கிறது என்று அவர்கள் பாடினர். 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியலமைப்பு வரைவை அவையில் முன்வைத்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர் அந்தச் சித்திரத்தை ஏற்க மறுத்தார். ஊர் என்பது குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என்று வெளிப்படையாகவே கூறினார். அவையில் பலருக்கு அது கசந்தது. படத்தில் ஒற்றை வீட்டை மட்டும் பார்த்தவர்களுக்கு அது கசக்கத்தான் செய்யும். அந்தப் படத்தின் சட்டத்துக்கு வெளியே எந்த வீடுகள் விடப்பட்டன என்று அறிந்தவர் அண்ணல்.

நம் மாவட்டத்துச் சேரியையும் ஒருவர் வரைந்தார். தூரிகையால் அன்று, எழுதுகோலால். செங்கற்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்கீர் என்னும் ஆங்கிலேயர் 1891இல் நம் மக்களைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். நிலமின்மை, அடிமைத்தனத்தை ஒத்த பண்ணை வேலை, குடியிருக்கும் மனையும் தமக்கென்று உறுதியில்லாத நிலை ஆகியவற்றை அதில் விளக்கினார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. அந்நிலங்கள் பின்னர் எவ்வாறு கைமாறின என்பது வேறொரு நாள் பேச வேண்டிய நீண்ட கதை. நான் இங்கே கருதுவது ஒன்றுதான்: நம் ஊரைப் பற்றிய படத்தை அரசு அறிந்துகொண்டது ஓர் ஆட்சியரின் கையால். பரிவுள்ள கைதான், ஆயினும் பிறர் கை.

அந்த மாணவியின் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. இவ்வாண்டு நம் சங்கத்தின் மாலை வகுப்பில், விழாவை முன்னிட்டு மீண்டும் அதே தலைப்பைக் கொடுத்தோம். இம்முறை ஒரே ஒரு நிபந்தனை: உன் வீடு படத்தில் இருக்க வேண்டும். மலை கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளைத் தடை செய்து அழகுணர்ச்சி வளர்க்க முடியாது. முதல் நாள் அரை மணி நேரம் ஒருவரும் தாளைத் தொடவில்லை. தமக்கு வரையத் தெரிந்த ஒரே படம் பறிபோயிற்று என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒருத்தி கேட்டாள்: "சார், கம்பெனி பஸ் எந்த கலர்ல போடணும்?" எந்த நிறத்தில் வருகிறதோ அந்த நிறத்தில் என்றேன். அவ்வளவுதான், கைகள் அசையத் தொடங்கின.

வந்த படங்களைப் பார்த்து நான் கற்றவை பல. விடியற்காலை ஷிப்டுக்குத் தலை வாராமல் ஓடும் அக்காவை ஒருவன் வரைந்திருக்கிறான். கழுத்தில் அடையாள அட்டை மட்டும் பெரிதாக, முகம் சிறிதாக. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும் நாளில் மீன் பிடிப்பதை இருவர் வரைந்துள்ளனர். ஒருத்தி தன் தெருவில் வாடகைக்குத் தங்கியிருக்கும் வடநாட்டுத் தொழிலாளர்களை வரைந்து, அவர்கள் சப்பாத்தி சுடும் அடுப்பையும் சேர்த்திருக்கிறாள். ஒருவன் சுடுகாட்டுப் பாதையில் முழங்கால் அளவு நீரில் பாடையைத் தூக்கிச் செல்வதை வரைந்தான். அதை விழாவில் வைக்கலாமா என்று சிலர் தயங்கினர். வைத்திருக்கிறோம்.

இன்னொரு படம். இடப்பக்கம் காலனி, வலப்பக்கம் ஊர், தேர், கோபுரம், அரச மரம். இரண்டுக்கும் நடுவே தாளில் பாதி வெறுமையாக விடப்பட்டிருந்தது. வேலை முடியவில்லை என்று எண்ணி, "இங்கே ஏதாவது வரையேன், தம்பி" என்றேன். "அங்க ஒண்ணும் கிடையாது சார். நடந்துதான் போவணும்" என்றான். பழைய நானாக இருந்திருந்தால் சிவப்பு மையை எடுத்திருப்பேன்.

எஸ்டேட்டைக் கேட்ட மாணவியின் படமும் உண்டு. அதில் தொழிற்சாலைச் சுவர் தாளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீள்கிறது. சுவருக்கு இப்பால் பத்தொன்பது வீடுகள். சுவருக்கு மேலே, சொல்லவும் வேண்டுமோ, இரண்டு முக்கோணமும் அரைச் சூரியனும்! ஏனம்மா என்றேன். "இருந்துட்டுப் போவட்டும் சார், அழகா இருக்கு" என்றாள். இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

படங்கள் யாவும் வெளித் தாழ்வாரத்தில் மாட்டப்பட்டுள்ளன. பரிசு என்று எதற்கும் எண் இடவில்லை. இன்று காலை ஒரு பாட்டியார் வந்து, தம் பேரன் படத்தில் வீடுகளை விரல் வைத்து எண்ணினார். "என் தங்கச்சி வூட்டக் காணலியே" என்று கோபித்துக்கொண்டார். பேரன் அங்கேயே நின்று பென்சிலால் அந்த வீட்டை வரைந்து சேர்த்தான். ஆகவே ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடச் சொல்லியிருக்கிறேன். உணவுக்குச் செல்லும் வழிதான். உங்கள் வீடு விடுபட்டிருந்தால் நீங்களே வரைந்துவிடுங்கள்.